மோட்டாருக்குப் போன் செய்தவர்கள்

அன்று காலை பதினொன்று பத்துக்கு என் மகளின் குரல்பதிவைக் கேட்டேன். அவள் அதை அனுப்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. அந்த இருபது நிமிடமும் நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மக்காச்சோளக் குருத்தில் புழு இருந்தால் அதைக் கைப்பேசியில் எப்படிப் படம் பிடித்து அனுப்புவது என்பது அன்றைய பாடம். நிழல் விழக் கூடாது, கை நடுங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

விருத்தாசலத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் வகுப்பு நடக்கும். கடைக்காரர் இடம் கொடுக்கிறார், நாங்கள் நாற்காலி போட்டுக்கொள்கிறோம். பல வருடங்களாக எனக்கு இதுதான் வேலை. விவசாயிகளுக்குக் கைப்பேசியைச் சொல்லிக்கொடுப்பது. மழைச் செய்தி பார்ப்பது, பயிரின் நோயைப் படமெடுத்து அனுப்புவது, வீட்டில் இருந்தபடியே மோட்டாரை ஓட்டுவது. ஊருக்கு ஊர் என்னை ‘போன் டீச்சர்’ என்பார்கள். என் மகள் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு எங்கள் நிறுவனத்திலேயே சேர்ந்தாள். நான் சொல்லிக்கொடுப்பேன், அவள் போய் மோட்டாரைப் போனில் ஓட்டுவதற்கான பெட்டியை மாட்டுவாள், பழுது பார்ப்பாள். எந்த வயலுக்குப் போனாலும் இறங்கியதும் எனக்கு ஒரு குரல்பதிவு போட்டுவிட வேண்டும். இது நிறுவனம் வைத்த விதி இல்லை, நான் வைத்தது. அவள் தோழிகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்களாம்.

படத்தை எப்படி அனுப்புவது என்று காட்டுவதற்காக என் போனை எடுத்தபோதுதான் அவள் பதிவு வந்திருப்பதைப் பார்த்தேன். காதில் வைத்தேன்.

“அம்மா, நல்லூர் பக்கம் ஒரு கெணறு சொன்னாங்க இல்ல, அங்க வந்துட்டேன். தண்ணி மட்டம் காட்டற வயரு உள்ள அறுந்து தொங்குது. எறங்கப் போறேன். மோட்டார் வயர்லயும் ஜாயின்ட் பிரிஞ்சிருக்குது, அதையும் டேப் சுத்திட்டு ஏறிடறேன். மோட்டார் கொட்டாய் பூட்டிக் கெடக்குது, பூட்டு துரு ஏறி தொறக்கல. பரவால்ல, இந்தம்மா போன்லயே ஆப் பண்ணியாச்சு. ஆப்னு மெசேஜும் வந்துடுச்சு. போனை வண்டிப் பெட்டியில வெச்சுட்டுப் போறேன். போன தடவ மாதிரி கெணத்துல போட்டுட்டு உங்கிட்ட பாட்டு வாங்க முடியாது.”

கடைசியில் ஒரு சிரிப்பு. பின்னால் ஒரு பெண் குரல், “பாப்பா, கயிறு புடிச்சுக்க.”

அந்தக் குரலை எனக்குத் தெரியும். அந்தக் கிணற்றையும் தெரியும். அந்தப் பெட்டியை மாட்டிய அன்று, என் மகள் வேலைக்கு வருவதற்கு முன், நான்தான் பக்கத்தில் நின்று நம்பர்களைப் பதிந்தேன்.

அந்த அம்மாள் தனியாக இருக்கிறவர். கணவர் இல்லை. ஒரே மகன் வளைகுடாவில் வேலை. விடுமுறைக்கு வந்திருந்தபோது அவர்தான் இந்தப் பெட்டியை வாங்கி மாட்டினார். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். அந்த நம்பருக்குப் போன் செய்தால் ஒரு பெண் குரல் எடுத்துப் பேசும். மோட்டாரை ஓட்ட ஒன்றை அழுத்தவும், நிறுத்த இரண்டை அழுத்தவும் என்று சொல்லும். உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் அழுத்தலாம் என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. தன்னுடைய வெளிநாட்டு நம்பரை முதல் நம்பராகப் போடச் சொன்னார். அம்மா நம்பர் இரண்டாவது. ஏதாவது சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள என் நம்பர் மூன்றாவது.

அன்று முதல் அந்த வயலுக்கு அவர்தான் தண்ணீர் விடுகிறார். அங்கே காலை ஒன்பது மணிக்கு டீ நேரம், இங்கே பதினொன்றரை. டீ நேரத்தில்தான் போன் கைக்கு வரும். வந்ததும் முதல் வேலையாக மோட்டாருக்கு அடிப்பார். ஊரில் அந்த மோட்டார் சத்தத்தை வைத்து மணி பார்த்தார்கள். “எம்புள்ள அங்கேர்ந்து தண்ணி உடறான்” என்று அந்த அம்மாள் எல்லோரிடமும் சொல்வார். தான் பக்கத்தில் நின்றாலும் மோட்டாரைப் போட மாட்டார். அது மகனுடைய வேலை.

போனில் நிறுத்தியது நிறுத்தியதுதான், மகன் அடித்தாலும் இனிமேல் ஓடாது என்று அந்த அம்மாள் நினைத்திருப்பார். நிறுத்தியதை மகன் போன் மறுபடி ஓட்டும் என்று என் மகளுக்குத் தெரியாது, அப்படி ஒரு மகன் இருப்பதே தெரியாது. தெரிந்த நான் இங்கே மாடியில் புழுவைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் பீங்கான் சூளையில் வேலை செய்கிறார். அவர்கள் செய்வது பெரும்பாலும் பீஸ் கட்டை, பிடுங்கினால் மின்சாரம் நின்றுபோகும் ஃபியூஸ். இந்த வட்டாரத்தில் எந்த மோட்டார் கொட்டாயைத் திறந்தாலும் பலகையில் வெள்ளையாகத் தெரிவது எங்கள் ஊர்ப் பீங்கான்தான். முன்பெல்லாம் கிணற்றில் இறங்குகிறவர் அந்தக் கட்டைகளைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குவார். மேலே நிற்பவரிடம் கொடுக்க மாட்டார், அது பெண்டாட்டியாக இருந்தாலும். மேலே ஏறி, அவரே போய்ச் செருகினால்தான் மோட்டார் ஓடும்.

போன் வந்த பிறகு கொட்டாய்க்குள் போக யாருக்கும் அவசியமில்லை. அந்தத் துருப்பிடித்த பூட்டைக்கூட நான் படமெடுத்து வைத்திருந்தேன். வகுப்புகளில் காட்டுவேன். “இந்தக் கொட்டாயத் தொறந்தே ஒரு வருசம் ஆவுதாம்” என்பேன். சிரிப்பார்கள். இருட்டில் பாம்புக்குப் பயந்து டார்ச் அடித்துக்கொண்டு மோட்டார் போடப் போனவர்களுக்கு அந்தத் துரு எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும். இப்போதும் அதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை.

மகளுக்கு அடித்தேன். வண்டிப் பெட்டிக்குள் மணி அடித்து ஓய்ந்தது. அந்த அம்மாளுக்கு அடித்தேன். ஒரு கையில் கயிற்றைப் பிடித்திருக்கிறவர் போனை எடுக்கவில்லை, அல்லது போன் வீட்டில் கிடந்தது. வெளிநாட்டுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ‘மோட்டார் போட வேண்டாம், கிணற்றில் ஆள் இருக்கிறது’ என்று மெசேஜ் போட்டேன். ஒற்றை டிக் விழுந்தது. போன் கைக்கு வந்ததும் அவர் முதலில் மெசேஜைப் பார்ப்பாரா, மோட்டாருக்கு அடிப்பாரா? அவர் நம்பரைப் பெட்டியிலிருந்து நீக்கிவிடலாம் என்றால், அதை முதல் நம்பரிலிருந்துதான் செய்ய முடியும். முதல் நம்பர் அவருடையது.

ஸ்கூட்டியில் போனாலும் முக்கால் மணி நேரம். மணி பதினொன்று பதினாறு.

“என்னாச்சு டீச்சரு, மொகம் ஒரு மாதிரி ஆயிட்டுது?” என்று முன்வரிசையில் இருந்த பெண் கேட்டார். வேப்பூர்ப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவர். கேட்டதும் சொல்லிவிட்டேன். என்ன வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. கிணறு, மகள், ஈரக் கை, பதினொன்றரை.

 பின்வரிசையில் பெண்ணாடத்துக் கரும்புக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வகுப்பு முழுக்க என்னைக் கிண்டல் பண்ணுவதற்கே வருகிறவர். “மேடம், புழு போட்டோவுக்குச் சிரிக்கணுமா?” என்று அன்று காலைகூடக் கேட்டார். அவர்தான் எழுந்து வந்தார்.

“எந்த ஊரு மேடம்? ஊர் பேரச் சொல்லுங்க.”

சொன்னேன்.

“எம் மச்சான் அங்கதான் இருக்கான். டிவிஎஸ் வெச்சிருக்கான். கெணறு எங்கன்னு சொன்னா பறந்துடுவான்.” அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார். “டேய், எங்க இருக்க? டீக்கடயா? எழுந்திரு.”

கிணற்றின் லொகேஷன் என்னிடம் இருந்தது. அனுப்பினேன். கரும்புக்காரர் மச்சானுக்குத் தள்ளிவிட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“லொகேஷனத் தொறக்கத் தெரியலன்றான் மேடம். போன மாசம் உங்க கிளாஸுக்கு வந்தவன்தான்.”

வேறொரு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். “நீலக் கலர் டேங்க்” என்றேன். “மகன் வெளிநாட்டுல இருக்காரு. அவரு அங்கேர்ந்து மோட்டார் போடுவாரு.”

“டேய், வெளிநாட்டு மோட்டாரு. ஆமாண்டா, அந்தம்மாதான். அங்க போ. கெணத்துல இருக்கற பொண்ண மேல ஏத்து. எதுக்குன்னு அப்புறம் சொல்றேன், மொதல்ல வண்டிய எடு.”

மச்சான் கிளம்பிவிட்டார். ஆனால் டீக்கடையிலிருந்து வயல் எவ்வளவு தூரம், நடுவில் என்ன இருக்கிறது, எதுவும் எங்களுக்குத் தெரியாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. மோட்டாருக்கும் ஒரு நம்பர்தான். அதோடு நான் பேசிக்கொண்டிருந்தால் வெளிநாட்டில் இருக்கிறவருக்கு லைன் கிடைக்காது.

மோட்டாருக்கு அடித்தேன். இரண்டு மணி அடித்து அந்தப் பெண் குரல் எடுத்தது. “வணக்கம். மோட்டாரை ஓட்ட ஒன்றை அழுத்தவும்.”

என் கன்னம் திரையில் பட்டிருந்தது. வேப்பூர்ப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தார். “காதுல வெக்காதீங்க டீச்சரு. ஒன்னு அமுங்கிடப் போவுது.”

வாங்கி மேசை மேல் வைத்தார், ஸ்பீக்கரில் போட்டார். எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றோம். யாரும் தொடவில்லை, தட்டில் தேள் இருப்பது போல. குரல் தன் பாட்டைச் சொன்னது. நிறுத்த இரண்டை அழுத்தவும். தண்ணீர் மட்டம் அறிய மூன்றை அழுத்தவும். நாங்கள் எதையும் அழுத்தவில்லை. மறுபடி முதலில் இருந்து சொன்னது. பிறகு, “உங்கள் பதில் கிடைக்கவில்லை, நன்றி” என்று வைத்துவிட்டது.

மறுபடி அடித்தேன். மணி அடிக்கும் வரை உள்ள அந்த நேரம்தான் பயம். அதற்குள் அவர் புகுந்துவிடலாம். எடுத்துவிட்டால் மூச்சு விடுவேன். வணக்கம். ஓட்ட ஒன்று. நிறுத்த இரண்டு. அந்தக் குரலில் கோபமே இல்லை. எத்தனை முறை கூப்பிட்டாலும் புதிதாகக் கூப்பிட்டவளிடம் பேசுவது போல வணக்கம் சொன்னது. முதல் முறையாக அது ஒரு மனுஷியின் குரல் என்று தோன்றியது. எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து யாரோ இதைப் பேசிப் பதிந்திருக்கிறாள், கிணற்றில் என் பெண் இருக்கிறாள் என்று தெரியாமல்.

என் மகள் சின்னவளாக இருந்தபோது ஜுரம் வந்தால் நான் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வரும், திருப்தியாகும், உடனே மறுபடி சந்தேகம் வரும். அந்தக் காலை முழுக்க அதையேதான் செய்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

பதினொன்றரை வந்தது, போனது. அவர் அடித்தாரா இல்லையா, எங்களுக்குத் தெரிய வழியில்லை. நான்கைந்து முறைக்குப் பிறகு ஒரு தடவை மணியே அடிக்காமல் ‘பிஸி’ என்று வந்தது.  எனக்கு முன்னால் வேறு யாரோ மோட்டாரோடு பேசுகிறார்கள்.

“அடிங்க, மறுபடி அடிங்க” என்றார் வேப்பூர்ப் பெண். என் விரல் வேறு நம்பரில் பட்டது. அவரே வாங்கி அடித்தார். பிஸி. மறுபடி பிஸி.

கரும்புக்காரரின் போன் அடித்தது. அவர் உடனே எடுக்காமல் என்னைப் பார்த்தார். பிறகு எடுத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எங்கே பார்ப்பது.

“ஏறிட்டாங்களா? எப்ப? ... நீ போறதுக்கு முன்னாடியேவா?”

போனைக் கையால் மூடிக்கொண்டு எனக்குச் சொன்னார். “இவன் போறப்ப உங்க பொண்ணு மேலதான் ஒக்காந்து இருக்குதாம் மேடம். எறங்கின பாதியில டேப்பு பத்தலன்னு எடுக்க ஏறினாங்களாம். மறுபடி எறங்கப் போறப்ப மோட்டார் ஓட ஆரம்பிச்சுட்டுதாம்.”

பிறகு போனைத் திறந்து, “சண்டாளா, அந்தப் பொண்ண வரப்புலயே ஒக்காரச் சொல்லு, நகரக் கூடாதுன்னு சொல்லு” என்றார்.

டேப் தீர்ந்துபோனதால் என் மகள் மேலே இருந்தாள். நான் மோட்டாரோடு பேசியது கொஞ்ச நேரம் அந்த அம்மாளின் மகனைத் தள்ளிப் போட்டிருக்கலாம். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவள் ஏறினாளா, அதற்கு முன்பே ஏறிவிட்டாளா, இன்று வரை கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். சரியாக வருவதில்லை.

நான் மறுபடி மோட்டாருக்கு அடித்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. லைன் கிடைத்தது. “வணக்கம்” என்றது. வேப்பூர்ப் பெண் மெதுவாக இரண்டை அழுத்தினார். “மோட்டார் நிறுத்தப்பட்டது” என்று சொன்னது. போனை என் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடி, பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“தண்ணி குடிங்க டீச்சரு. புழுவ நாளைக்குப் பாத்துக்கலாம்.”

மதியம் மகள் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு அவளே வந்தாள். சல்வாரின் கால் பக்கம் முழங்கால் வரை ஈரம், முகத்தில் சுண்ணாம்பு போல ஏதோ. வகுப்பில் இருந்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவளைப் பார்த்ததும் கரும்புக்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“ஆப்னு மெசேஜ் வந்துச்சேம்மா” என்றாள். அதையே இரண்டு மூன்று முறை சொன்னாள். அந்த மெசேஜை நம்புங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னவளிடம் சொல்கிறாள். நான் அவள் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தேன். டேப்பின் கறுப்புப் பசை ஒட்டியிருந்தது.

என் கணவர் சூளையிலிருந்து அப்படியே வந்திருந்தார். யார் சொன்னார்களோ. வாசலில் செருப்பைக்கூட விடவில்லை. அவளைக் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். “பீஸைப் புடுங்கினியா?” என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கீழே இறங்கிப் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் மோசமாக நடந்துகொண்டேன் என்று மகள் சொல்கிறாள். அவள் எந்தக் கிணற்றுப் பக்கம் போனாலும் நானும் வருவேன் என்றேன். ஒரு தடவை போனேன்கூட. அவள் இறங்கும்போது கொட்டாய்க்குள் நின்று பிடுங்கிய கட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். கட்டைகள் என்னிடம் இருக்கக் கூடாது, தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று அவள் கீழேயிருந்து கத்தினாள். “நீ யார்கிட்டயாவது குடுத்துடுவ.” அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். இப்போது அவள் பையில் டேப்போடு ஒரு துணிப் பையும் இருக்கிறது, கட்டைகளைப் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ள. வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிடுவேனோ என்று பயந்து சில இரவுகள் அவளோடு பேசாமலே தூங்கினேன்.

வகுப்பில் பூட்டுப் படத்தை இப்போதும் காட்டுகிறேன். அதற்கு அடுத்த படமாகப் பீஸ் கட்டையைக் காட்டுகிறேன். போன் சொல்லிக்கொடுப்பதையும் நிறுத்தவில்லை. ஆனால் அந்தப் பெண் குரலை மட்டும் ஸ்பீக்கரில் போட்டுக்காட்ட என்னால் முடியவில்லை. அதை மகள் வந்து செய்கிறாள்.

ஒரு மாதம் கழித்து, வகுப்பு முடிகிற நேரத்தில், அந்தக் கிணற்றுக்கார அம்மாள் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்க நின்றார். கட்டைப் பையில் வெண்டைக்காய். பெட்டியைக் கழற்றச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மகனும் அவரும் என் மேல் கோபமாக இருப்பார்கள் என்றும் நினைத்தேன்; அன்று அத்தனை நேரம் அவர்கள் மோட்டாரைப் பிஸியாக வைத்திருந்தவள் நான்தானே. நாற்காலியைப் போட்டேன். உட்காரவில்லை.

“பூட்ட ஒடச்சுப்புட்டோம்” என்றார். “உங்க பாப்பாகிட்ட சொல்லிடுங்க. இப்ப கொட்டாய் தொறந்துதான் கெடக்குது.”

“உங்க பையனுக்கு விஷயம் தெரியுமா?” என்று கேட்டேன்.

“சொன்னேன். அன்னிக்கு ரொம்ப நேரம் லைன் கெடைக்கலியாம், அப்புறந்தான் கெடச்சுதாம். மோட்டாருக்கு எவன் போன் பண்றான்னு குழம்பிப் போயிட்டானாம். சொன்னதும் ரெண்டு நாளு சாப்புடல.” வெண்டைக்காய்ப் பையை மேசை மேல் வைத்தார். “முன்னல்லாம் எனக்கு வெள்ளிக்கெழம மட்டுந்தான் டீச்சரு போனு. மத்த நாளெல்லாம் மோட்டாருக்குத்தான். இப்ப தெனமும் மொதல்ல எனக்கு அடிக்கறான். ‘கெணத்துல யாருனா இருக்காங்களாம்மா’ன்னு கேக்கறான். யாரும் இல்லடா, நீ போடுன்றேன். அப்பவும் வெக்க மாட்டேங்கறான். அதையும் இதையும் பேசிக்கிட்டே இருக்கறான். நேத்து டீ நேரமே முடிஞ்சுபோச்சு. பயிருக்குத் தண்ணி உடல.”